சதவீதத்தோடு தேதியையும் பாருங்கள்
முன்னாள் படைவீரர் பக்கம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்தப் பகுதிக்கு இப்போது வரும் கடிதங்களில் பெரும்பாலானவை டிஸெபிலிட்டி பென்ஷன், அதாவது பணியோடு சம்பந்தப்பட்ட நோய்க்கும் ஊனத்துக்கும் தரும் பென்ஷன் பற்றியவை. ராணுவ ரெக்கார்டு ஆபீஸ் ஒன்றில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்று, உச்சிப்புளியில் வந்து உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் காகிதங்களோடுதான் என் சர்வீஸ் முழுக்கப் போனது. அதனால் இந்த முறை வேறு கேள்விகளை ஒதுக்கிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

*

அண்ணே, 1989-இல் ராணுவத்தில் சேர்ந்தேன். பீரங்கிப் படையில் கன்னர். 17 வருஷம் முடித்து 2006-இல் பென்ஷனோடு வந்தேன். வரும்போது நடந்த மெடிக்கல் போர்டில் இரண்டு காதும் மந்தம் 20 சதவீதம், பி.பி. 30 சதவீதம், சேர்த்து 40 சதவீதம், ஆயுள் முழுக்க என்று போட்டார்கள். ஆனால் டிஸெபிலிட்டி பென்ஷன் கிடையாது என்று கடிதம் வந்துவிட்டது. ஆறு மாதத்துக்குள் அப்பீல் பண்ணலாம் என்று அதிலேயே இருந்தது. பிள்ளைகள் படிப்பு, வீடு கட்டுவது என்று அப்படியே விட்டுவிட்டேன். என்னோடு வெளியே வந்த பரமக்குடிப் பக்கத்து நண்பர் கேஸ் போட்டு இப்போது 50 சதவீதம் வாங்குகிறார். இத்தனை வருஷம் கழித்து நானும் கேட்கலாமா? கேட்டால் 2006-இலிருந்து பணம் வருமா?
– பெயர் வேண்டாம் என்று கேட்ட வாசகர், தங்கச்சிமடம்

தம்பி, தாராளமாகக் கேட்கலாம். பழைய பணம் முழுவதும் வருமா என்பது தனி விஷயம், அதற்குப் பிறகு வருகிறேன்.

கடிதத்தில் 20, 30, 40 என்று சதவீதம் எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். பணி முடித்து வந்தவருக்கு 20 சதவீதம் இருந்தாலே போதும், உங்களுக்கு 40 இருக்கிறது (இரண்டு ஊனத்தை நேராகக் கூட்ட மாட்டார்கள், அதனால்தான் 50 இல்லை). உங்கள் பென்ஷனை நிறுத்தியது வேறொரு கட்டம். ரிலீஸ் மெடிக்கல் போர்டின் காகிதத்தை, அதாவது ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப். 16 என்ற படிவத்தை எடுத்துப் பாருங்கள். தேவிபட்டினத்துக்காரர் ஒருவர் தன்னுடையதைக் கொண்டுவந்து என் வீட்டுத் திண்ணையில் விரித்தார். டிரங்குப் பெட்டியிலேயே கிடந்ததில், உப்புக் காற்றுக்கு ஜெம் கிளிப் துருப்பிடித்து மேல் மூலை முழுக்கச் செம்பழுப்புக் கறை. நோயின் பெயர், ஆரம்பித்த தேதி, ஆரம்பித்த ஊர். அதற்கு நேராகக் கட்டங்கள். ‘சர்வீஸால் வந்ததா?’ இல்லை. ‘சர்வீஸால் கூடியதா?’ இல்லை. காரணம் எழுத வேண்டிய இடத்தில் ஒரே ஒரு வரி: பீஸ் ஸ்டேஷனில் (எல்லையோ போர்முனையோ இல்லாத முகாமில்) ஆரம்பித்தது, உடல்வாகைச் சேர்ந்தது. ஒரு மனிதன் இளமை முழுவதையும் கொடுத்த வேலை அந்த ஒரு வரியில் தீர்ந்துவிட்டது. இப்படிக் காகிதத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. உங்களுடையதிலும் கிட்டத்தட்ட இதுதான் எழுதியிருக்கும்.

இந்த ‘இல்லை, இல்லை’யைத்தான் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் புரட்டிப் போட்டது. அவர் சிக்னல்ஸ் பிரிவில் இருந்தவர். ஒன்பது வருஷ சர்வீஸுக்குப் பிறகு வலிப்பு நோய் என்று 20 சதவீதம் போட்டு, அது உடல்வாகுக் கோளாறு என்று எழுதி, பென்ஷன் இல்லாமல் அனுப்பிவிட்டார்கள். நீதிமன்றம் சொன்னது இதுதான்: சேரும்போது நடந்த மருத்துவப் பரிசோதனையில் ஒரு நோயும் குறிக்கப்படவில்லை என்றால், அவர் நல்ல உடலோடுதான் சேர்ந்தார் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு வந்த நோய்க்கும் சர்வீஸுக்கும் சம்பந்தம் இல்லை என்றால், அதை நிரூபிக்க வேண்டியது அரசு. சந்தேகம் இருந்தால் அதன் பலன் படைவீரருக்கு. போர்டு ‘இல்லை’ என்று எழுதினால் ஏன் இல்லை என்று காரணமும் எழுத வேண்டும்.

அடுத்து, ‘நான் போர்டு அவுட் ஆகவில்லையே (உடல்நிலை காரணமாகப் பாதியில் அனுப்பப்படவில்லையே), டேர்ம் முடித்துத்தானே வந்தேன்’ என்று நம் ஆட்கள் நிறையப் பேர் தாங்களே விலகிக்கொள்கிறார்கள். இந்தப் பென்ஷனுக்கான 1982-ஆம் ஆண்டு விதிகளில் 4-ஆவது விதியைப் படித்தால் இந்தத் தயக்கம் போய்விடும். சேர்ந்தபோது இருந்த மெடிக்கல் கேட்டகரியைவிட (உடல்தகுதித் தரம்) குறைந்த கேட்டகரியில் ஒருவர் வெளியே வந்தால், அவரும் உடல்நிலை காரணமாக வெளியேறியவராகவே கருதப்படுவார். நீங்கள் 2006-இல் வந்தவர், உங்களுக்கு அந்த விதிகள்தான். 2008 ஜனவரி 1-க்குப் பிறகு வந்தவர்களுக்கு 2008 விதிகள், 2023 செப்டம்பர் 21 முதல் வருகிறவர்களுக்கு இன்னும் கெடுபிடியான 2023 விதிகள். பக்கத்து வீட்டுக்காரர் மனுவைப் பார்த்து அப்படியே நகல் எடுத்துப் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வெளியே வந்த தேதி மாறினால் புத்தகமே மாறுகிறது.

உங்கள் கேஸில் காது பலமான பாயிண்ட். பீரங்கி பக்கத்தில் வருஷக்கணக்காக நின்றவனுக்குக் காது போனால், அது உடல்வாகு என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. எந்தெந்த வருஷம் எந்த யூனிட், எந்த கன், பயரிங் ரேஞ்சுக்கு எத்தனை முறை போனீர்கள் என்று நினைவிருக்கும்போதே எழுதி வையுங்கள். பி.பி.யில் ‘பீஸ் ஸ்டேஷனில் ஆரம்பித்தது’ என்ற வரியைக் கட்டாயம் காட்டுவார்கள். பீஸ் ஸ்டேஷனிலும் ராணுவ வேலைக்கு உண்டான அழுத்தம் உண்டு என்று ஆயுதப்படைத் தீர்ப்பாயங்கள் பல உத்தரவுகளில் சொல்லியிருக்கின்றன. பீஸுக்கு வருவதற்கு முன் பனிமலையிலோ பீல்டிலோ இருந்தீர்களா என்று பாருங்கள், அதையும் சேருங்கள். சர்வீஸால் வந்தது என்று காட்ட முடியாவிட்டாலும் சர்வீஸால் கூடியது என்று காட்டினால் போதும். இரண்டில் ஒன்று கிடைத்தாலே பென்ஷன் உண்டு.

கையில் காகிதம் இல்லாமல் மனு எழுத உட்காராதீர்கள். ரெக்கார்டு ஆபீஸுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்து எழுதுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். கேட்க வேண்டியவை: சேரும்போது நடந்த பரிசோதனைப் படிவம், அது ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப். 2ஏ. கேட்டகரி குறைத்தபோது போட்ட 15. வரும்போது போட்ட 16. நிராகரித்த கடிதத்தின் நகல். ரொம்பப் பேர் 16-ஐ மட்டும் வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறார்கள். எனக்குக் கேட்டால் 2ஏ தான் தங்கம். ‘நோய் ஏதும் இல்லை, தகுதியானவர்’ என்று ராணுவ டாக்டரே கையெழுத்துப் போட்ட காகிதம் அது.

வழி இதுதான். முதல் அப்பீல், அது நிராகரிக்கப்பட்டால் இரண்டாம் அப்பீல், அதற்குப் பிறகு ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு. அப்பீலுக்கான ஆறு மாதம் உங்களுக்கு எப்போதோ போய்விட்டது. இருந்தாலும் தாமதத்துக்கான காரணத்தை உள்ளபடி எழுதி முதல் அப்பீலை அனுப்புங்கள், ஸ்பீடு போஸ்டில், போய்ச் சேர்ந்ததற்கான சான்றோடு. ஆறு மாதமாகியும் பதில் வராவிட்டால், உள்ளே உள்ள வழிகளைப் பார்த்துவிட்டார் என்று 2007-ஆம் ஆண்டுத் தீர்ப்பாயச் சட்டத்தின் 21-ஆவது பிரிவே சொல்கிறது. அதற்கு மேலும் காத்திருக்க வேண்டாம். தீர்ப்பாயத்துக்குப் போகும்போது தாமதத்தை மன்னிக்கச் சொல்லி ஒரு தனி மனுவும் போக வேண்டும்.

சரி, பணம். நண்பர் 50 வாங்குகிறார் என்றீர்களே, அவருடைய போர்டிலும் அனேகமாக 50-க்குக் கீழேதான் இருந்திருக்கும். 50-க்குக் குறைவாக இருந்தால் 50 என்றும், 50-இலிருந்து 75 வரை 75 என்றும், அதற்கு மேல் 100 என்றும் உயர்த்திக் கொடுக்க 2001 ஜனவரி 31-ஆம் தேதிப் பாதுகாப்பு அமைச்சக உத்தரவு இருக்கிறது. போர்டு அவுட் ஆனவர்களுக்குத்தான் இது, டேர்ம் முடித்தவர்களுக்கு இல்லை என்று அரசு பிடிவாதமாக நின்றது. ராம் அவதார் வழக்கில் 2014 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் எல்லோருக்கும் உண்டு என்று முடித்துவிட்டது. 100 சதவீதத்துக்கு டிஸெபிலிட்டி எலிமெண்ட் (ஊனத்துக்கென்று சேரும் பங்கு) என்பது கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். கணக்குக்காகச் சம்பளம் 30,000 என்று வைத்துக்கொண்டால் 100-க்கு 9,000. 40-க்கு 3,600, அது 50 ஆகும்போது 4,500. இதற்கு மேல் பஞ்சப்படி. இப்போது வாங்கும் பென்ஷனை யாரும் தொட மாட்டார்கள், அதோடு இது சேரும்.

எந்தத் தேதியிலிருந்து? தர்செம் சிங் என்பவர் 1983-இல் உடல்நிலை காரணமாக வெளியேறினார். உயர் நீதிமன்றத்துக்குப் போனது 1999-இல். பென்ஷன் மறுப்பது மாதாமாதம் தொடரும் தவறு, அதனால் தாமதம் என்று சொல்லி மனுவைத் தள்ள வேண்டியதில்லை என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் 2008-இல் கொடுத்த அந்தத் தீர்ப்பிலேயே, பழைய பாக்கியை மனு தாக்கல் செய்த தேதிக்கு முந்தைய மூன்று வருஷத்துக்கு மட்டும் என்று நிறுத்திவிட்டது. தாமதமாக வரும் மனுக்களில் இந்த வரம்பைத்தான் முதலில் காட்டுவார்கள். இந்த வரம்பு எல்லா வழக்குக்கும் பொருந்தாது என்ற வாதமும் உண்டு. அதனால் மனுவில் வெளியே வந்த நாளிலிருந்து முழுப் பாக்கியையும் கேளுங்கள். கேட்காததை யாரும் கொடுக்க மாட்டார்கள். ஆனால் மனசுக்குள் மூன்று வருஷம் என்றே கணக்குப் போட்டு வேகமாக நடங்கள். அந்த மூன்று வருஷம் தீர்ப்பாயத்தில் மனு ஏறும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணப்படுகிறது. நீங்கள் ஒரு மாதம் தள்ளிப்போட்டால் அந்தப் பக்கம் ஒரு மாதப் பணம் கழன்று விழுகிறது. பொங்கல் முடியட்டும், கோயில் திருவிழா முடியட்டும் என்று சொல்லிக்கொண்டு என்னிடம் வருகிறவர்களிடம் நான் கோபப்படுவது இதனால்தான்.

*

ஐயா, என் வீட்டுக்காரர் நேவியில் 15 வருஷம் இருந்தார். 2004-இல் வரும்போது இருதய நோய் என்று 30 சதவீதம் போட்டு, பணியால் வந்ததில்லை என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். அவர் மனசு விட்டுப்போய் மேலே எதுவும் செய்யவில்லை. போன வருஷம் காலமாகிவிட்டார். எனக்குக் குடும்பப் பென்ஷன் வருகிறது. அவர் கேட்காமல் விட்டதை நான் கேட்க முடியுமா?
– ஒரு வாசகி, ராமேஸ்வரம்

முடியும் அம்மா. தீர்ப்பாயச் சட்டத்தின் 2-ஆவது பிரிவில், ஓய்வு பெற்றவர்களுக்கும் அவர்களைச் சார்ந்தவர்கள், வாரிசுகளுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும் என்று தெளிவாக இருக்கிறது. அவர் உயிரோடு இருந்த காலத்துக்குச் சேர வேண்டிய டிஸெபிலிட்டி எலிமெண்ட் பாக்கியை நீங்கள் வாரிசாகக் கேட்கலாம்.

ஆனால் உங்கள் விஷயத்தில்தான் தேதி ரொம்பக் கடுமையாக நிற்கிறது. மேலே தங்கச்சிமடத்துக்காரருக்குச் சொன்ன மூன்று வருஷ வரம்பை இங்கே வைத்துப் பாருங்கள். அவருக்கு மாதாமாதம் புதிதாகச் சேர்ந்துகொண்டே இருக்கும். உங்களுக்கு அந்தக் கணக்கு அவர் இறந்த நாளோடு நின்றுவிட்டது. இறந்து மூன்று வருஷம் கடந்தபின் மனு போட்டால், அந்த வரம்பின்படி கையில் ஒன்றுமே மிஞ்சாமல் போகலாம். இப்போது போட்டால் ஏறத்தாழ இரண்டு வருஷப் பாக்கியாவது நிற்கும்.

இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், அவருடைய பி.பி.ஓ. (பென்ஷன் வழங்கும் ஆணை), டிஸ்சார்ஜ் காகிதம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு முதலில் ராமநாதபுரத்தில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். நேவி மாலுமிகளின் பதிவேடுகள் மும்பையில் இருக்கின்றன, மெடிக்கல் போர்டு நகலுக்கு அங்கேதான் எழுத வேண்டும். டாக்டர் கொடுத்த மருத்துவச் சான்றில் இறப்புக்கான காரணமாக அதே இருதய நோய் இருந்தால் அதை வக்கீலிடம் தவறாமல் காட்டுங்கள். அந்த நோய் பணியோடு சம்பந்தப்பட்டது என்று தீர்ப்பானால், சாதாரணக் குடும்பப் பென்ஷனைவிடக் கூடுதலான சிறப்புக் குடும்பப் பென்ஷன் கேட்க வழி இருக்கிறதா என்று அவர் பார்ப்பார். உங்கள் வீட்டுக்காரர் மனசு விட்டுப்போனதில் தவறே இல்லை. அந்தக் கடிதங்கள் எழுதப்படுகிற விதம் அப்படி.

*

எனக்கு முட்டிக்கு 40 சதவீதம், பணியால் வந்தது என்று ஒப்புக்கொண்டு 2009-இலிருந்து 40-க்கே கொடுக்கிறார்கள். இப்போது நடக்கவே முடியவில்லை. மறு மெடிக்கல் போர்டு கேட்டால் கூட்டுவார்களா?
– வாசகர், தொண்டி

இரண்டு விஷயத்தை ஒரே மனுவில் போட்டுக் குழப்பிவிடாதீர்கள். 40-ஐ 50 ஆக்குவதற்கு எந்த டாக்டரும் வேண்டாம், ராம் அவதார் தீர்ப்பு போதும். முதலில் அதற்கு மட்டும் ரெக்கார்டு ஆபீஸுக்கு எழுதுங்கள். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ தீர்ப்பாயம்.

முட்டி மோசமானது வேறு கணக்கு. நிரந்தர ஊனத்துக்கு ஒருமுறை போட்ட சதவீதம் ஆயுளுக்கும் நிற்கும், நீங்களாகக் கேட்டால்தான் மறு ஆய்வு என்று 2001 பிப்ரவரி 7-ஆம் தேதி உத்தரவு சொல்கிறது. கேட்டு, போர்டு உட்கார்ந்தால், அது மேலேயும் போடலாம், கீழேயும் போடலாம். சதவீதத்தைத் தீர்ப்பாயம் தானாக ஏற்றிவிடாது, அதை டாக்டர்கள் போர்டுக்கே அனுப்பும். 50-க்குக் கிடைக்க ஆரம்பித்த பிறகு, புது போர்டு 50-ஐயோ அதற்கு மேலோ போட்டால்தான் அடுத்த படியான 75-க்குப் போக முடியும். எலும்பு டாக்டர் ஒருவரிடம் எக்ஸ்ரேயோடு போய், அவ்வளவு இருக்கும் என்று அவர் உறுதியாகச் சொன்னால் மட்டும் இறங்குங்கள்.

*

கோஸ்ட் கார்டில் இருந்து முதுகு அடிபட்டு வந்தேன். ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாமா?
– வாசகர், மண்டபம்

போக முடியாது. அந்தத் தீர்ப்பாயம் ராணுவம், கடற்படை, விமானப்படை மூன்றுக்கும்தான். கடலோரக் காவல்படைக்காரர்கள் துறைக்குள் அப்பீல் முடித்துவிட்டு உயர் நீதிமன்றத்தில் ரிட் போட வேண்டும். நமக்கு மதுரைக் கிளை. ‘எக்ஸ் சர்வீஸ்மேன் எல்லாருக்கும் ஒரே கோர்ட்டு’ என்று யாரோ சொன்னதை நம்பிச் சென்னைக்குப் போய் மாதக்கணக்கில் அலைய வேண்டாம்.

*

என் அக்கா மகன் அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவன். அந்த நாட்டு ராணுவத்தில் இருந்து வெளியே வந்திருக்கிறான். முதுகுக்கு 10 சதவீதம் போட்டிருக்கிறார்கள், பத்தாது என்கிறான். அங்கே அப்பீல் எப்படி?
– வாசகர், கீழக்கரை

அங்கே இதைப் பார்ப்பது முன்னாள் படைவீரர் விவகாரத் துறை. நம் ஊர்க் கணக்கை அங்கே போட முடியாது. ஆனால் தேதி விஷயத்தில் அவர்கள் நம்மைவிடக் கறார், அதே சமயம் விதி பளிச்சென்று இருக்கிறது.

பொதுவாக மனு போய்ச் சேர்ந்த தேதி, ஊனத்துக்கான உரிமை பிறந்த தேதி, இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து பணம். பணியிலிருந்து வந்த ஒரு வருஷத்துக்குள் மனு போட்டிருந்தால், வெளியே வந்த மறுநாளிலிருந்து. மனுவுக்குக் காகிதம் சேரவில்லை என்றால் ‘மனு போடப் போகிறேன்’ என்று முன்கூட்டி ஒரு அறிவிப்புக் கொடுத்து வைக்கலாம், அந்தத் தேதியை ஒரு வருஷம் பிடித்து வைப்பார்கள்.

10 சதவீதம் பத்தாது என்றால், முடிவுக் கடிதத்தின் தேதியிலிருந்து ஒரு வருஷத்துக்குள் அசைய வேண்டும். 2019 பிப்ரவரி 19 முதல் மூன்று வழி இருக்கிறது. புது ஆதாரம் இருந்தால் துணை மனு. ஆதாரம் எல்லாம் ஏற்கெனவே உள்ளதுதான், பார்த்தவர் சரியாகப் பார்க்கவில்லை என்றால் மூத்த அலுவலரின் மறு ஆய்வு. இல்லாவிட்டால் நேரே மேல்முறையீட்டு வாரியம். ஒன்றில் தோற்றாலும் ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு வருஷத்துக்குள் அடுத்ததைப் போட்டுக்கொண்டே வந்தால் முதல் மனுவின் தேதி விட்டுப்போகாது. ஒரு வருஷத்தைத் தவறவிட்டாலும் துணை மனு போடலாம், ஆனால் பணம் புதுத் தேதியிலிருந்துதான். இன்னொன்றும் சொல்லுங்கள்: அங்கேயும் இரண்டு ஊனத்தை நேராகக் கூட்ட மாட்டார்கள். 50-ம் 30-ம் என்றால் 80 இல்லை. மிச்சமுள்ள 50-இல் 30 சதவீதம் என்று 15 சேர்த்து 65, அதை 70 ஆக்குவார்கள். அங்கீகாரம் பெற்ற முன்னாள் படைவீரர் சங்கங்கள் மனு எழுதக் காசு வாங்காமல் உதவுகின்றன. முதலில் அங்கே போகச் சொல்லுங்கள்.

*

என் மகன் 2019-இல் ராணுவத்தில் சேர்ந்து, டிரெய்னிங்கிலேயே தடை தாண்டும்போது விழுந்து முட்டி போய்விட்டது. ஆபரேஷன் செய்தும் தேறவில்லை என்று போர்டு அவுட் செய்து அனுப்பிவிட்டார்கள். 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறது, ஒரு வருஷம்கூட சர்வீஸ் இல்லை, ஒன்றும் கிடையாது என்கிறார்கள். உண்மைதானா?
– ஒரு தாய், சாயல்குடி

உண்மை இல்லை அம்மா. நீங்கள் எழுதியதைப் படித்ததும் மற்ற கடிதங்களை வைத்துவிட்டு இதற்குத்தான் முதலில் பதில் எழுதினேன்.

டிஸெபிலிட்டி பென்ஷனுக்குக் குறைந்தபட்ச சர்வீஸ் என்று ஒன்று கிடையாது. டிரெய்னிங்கில் இருக்கும் ரிக்ரூட்டுக்கும் உண்டு. சுக்விந்தர் சிங் வழக்கில் 2014 ஜூனில் உச்ச நீதிமன்றம் சொன்னதை உங்கள் வக்கீலிடம் காட்டுங்கள்: உடல்நிலை சரியில்லை என்று ராணுவமே ஒருவரை வெளியே அனுப்புகிறது என்றால், அவருடைய ஊனம் 20 சதவீதத்துக்கு மேல் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். வேலை செய்ய லாயக்கில்லை என்று அனுப்பவும் வேண்டும், ஊனம் பெரிதில்லை என்று பணம் மறுக்கவும் வேண்டும் என்றால் அது நியாயமில்லை. உங்கள் மகன் 2023-க்கு முன் வந்தவர் என்பதால் 2008 விதிகளில்தான் பார்க்க வேண்டும்.

அவர் விழுந்த அன்று ஒரு காய அறிக்கை எழுதியிருப்பார்கள், ஐ.ஏ.எஃப்.ஒய். 2006 என்பது படிவம். பணியில் இருக்கும்போது ஏற்பட்டதா என்று கமாண்டிங் ஆபீஸர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பார். டிரெய்னிங் சென்டரின் ரெக்கார்டு ஆபீஸுக்கு முதலில் அதைக் கேட்டு எழுதுங்கள். ராணுவ ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு வீட்டில் இருந்தால் லேமினேஷன் செய்யாமல், நகல் எடுத்துப் பத்திரமாக வையுங்கள். பென்ஷன் இல்லாதவர்களின் ஆவணங்களை 25 வருஷத்துக்குப் பிறகு அழித்துவிடுவார்கள். உங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது, ஆனால் 2000-களில் இப்படி வந்த பிள்ளைகள் இந்தக் கரையோர ஊர்களில் நிறைய உண்டு, அவர்கள் இன்றைக்கே எழுத வேண்டும்.

இதைப் படிக்கும் அக்னிவீர் வீட்டாருக்கு ஒரு வார்த்தை: உங்களுக்குப் பென்ஷன் கணக்கு இல்லை. பணியால் ஏற்பட்ட ஊனம் 100, 75, 50 சதவீதம் என்றால் முறையே 44, 25, 15 லட்சம் ரூபாய் ஒரே தடவையாக. காய அறிக்கை உங்களுக்கும் அதே அளவு முக்கியம்.

*

கேஸ் ஜெயித்து வரும் பாக்கியில் 30 சதவீதம் கொடுத்தால் போதும், இப்போது ஒரு பைசா வேண்டாம் என்கிறார் ஒருவர். சம்மதிக்கலாமா?
– வாசகர், பெரியபட்டினம்

வேண்டாம். வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதும் இந்திய வழக்கறிஞர் கழக விதிகளிலேயே தடை செய்யப்பட்டவை. அப்படிக் கேட்பவர் வக்கீலாக இருந்தால் விதியை மீறுகிறார். வக்கீல் இல்லாத ஏஜெண்டாக இருந்தால் இன்னும் மோசம். வெற்றுத் தாளில் கையெழுத்து, ஸ்பர்ஷ் (பென்ஷன் இணையதளம்) பாஸ்வேர்டு, ஏ.டி.எம். கார்டு, எதையும் கொடுக்காதீர்கள். அப்படிக் கொடுத்துவிட்டு, பாக்கி வந்த அன்றே கணக்கிலிருந்து பணம் போனபின் என்னிடம் வந்து அழுதவர்கள் இருக்கிறார்கள். இழந்தது அவர்கள் உடம்பை விற்று வந்த பணம்.

நியாயமான வக்கீல் கட்டணத்தை முன்கூட்டிச் சொல்லி ரசீது கொடுப்பார். அதற்கும் வசதி இல்லை என்றால், 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவில் மாற்றுத்திறனாளிகளுக்கும் பெண்களுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. பெண்களுக்கு வருமான வரம்புகூடக் கிடையாது, ராமேஸ்வரம் வாசகியும் சாயல்குடி அம்மாவும் கவனிக்கவும். படைவீரர் குடும்பங்களுக்கென்றே தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு 2025 ஜூலையில் வீர் பரிவார் சகாயதா யோஜனா என்று ஒரு திட்டமும் தொடங்கியிருக்கிறது. ராமநாதபுரத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்திலோ முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலோ இந்தத் திட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். போகும்போது நிராகரித்த கடிதமும் மெடிக்கல் போர்டு நகலும் கையில் இருக்கட்டும். மனுவை வாங்கிக்கொண்டால் தேதி போட்ட முத்திரையோடு ஒரு நகலைத் திரும்ப வாங்காமல் வராதீர்கள்.